அழைக்கும் குரல்

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போன சித்தப்பா, கடைசிக் காலத்தில் குருவிகளுக்கு வீடு பார்க்கிறவராக இருந்தார். எச்சிலால் கூடு கட்டும் உழவாரன் இனம். சீனர்கள் அந்தக் கூட்டில் சூப் வைப்பார்கள். 2007இல் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் அவரோடு நின்றேன். சாயங்காலம். பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டு, தலைக்குமேல் எத்தனை சுற்றுகின்றன என்று எண்ணினார். நிறைய வந்தால் இடம் தேறும். அப்புறம் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, நுழைய ஒரு துவாரம் விட வேண்டும். உள்ளே இருட்டும் ஈரமும். இருட்டில் தன் குரலின் எதிரொலியைக் கேட்டே அது வழி கண்டுகொள்ளும்.

'மனுஷன் மட்டும் இருக்கப்படாதுடா' என்றார். பிறகு, 'நம்ம ஊர் வீட்டுக்கு வருமா?'

வராது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இந்தியாவில் அந்த இனம் அந்தமான் நிக்கோபாரில்தான். நம் கோயில் மண்டபத்து உழவாரன் இறகையும் புல்லையும் எச்சிலால் ஒட்டுகிறது, அதற்கு விலையில்லை. நான் பதில் சொல்லவில்லை.

அவர் இறந்த பிறகு, மன்னார்குடிப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தேன். இருட்டு, ஈரம், அவர் கணக்குப்படி எல்லாம் சரி. வாருங்கள் என்று ஒரு கடிதம்கூட நான் அவருக்கு எழுதியதில்லை. கூடத்தில் நின்று கனைத்துப் பார்த்தேன். சுவர் திருப்பிக் கொடுத்தது.