மூச்சு விடத் தெரியுமா பாஸ்?

ஒரே நிமிஷம்... ஆழமா ஒரு மூச்சு இழுங்க. தோள்பட்டை காதுப் பக்கம் ஏறுச்சா? அப்ப நீங்களும் நம்ம கட்சி!

எனக்கு ஒரகடத்தில் அசெம்ப்ளி லைன் வேலை. எட்டு மணி நேரம் குனிஞ்சு, கையை முன்னால் நீட்டி ஸ்க்ரூ முடுக்கணும். ஆறே மாசத்தில் நெஞ்சுக்குக் குறுக்கே கயிறு கட்டின மாதிரி இறுக்கம். 'ஹார்ட்டா இருக்குமோ'ன்னு உதறல். ஆனா வெளியே சொல்லலை. டிரெய்னியைப் பெர்மனென்ட் பண்ற நேரத்தில் 'சீக்காளி'ன்னு பேர் வாங்க யாருக்குத் தைரியம்?

ஒருவழியா டாக்டரிடம் போனேன். (நெஞ்சு விஷயம்னா முதலில் அங்கேதான் போகணும். நான் தள்ளிப் போட்டது தப்பு.) ஈ.சி.ஜி. நார்மல். பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார். அந்த அக்கா, "மூச்சு இழு தம்பி"ன்னாங்க. ஹீரோ கணக்கா நெஞ்சைத் தூக்கிக் காட்டினேன். "இது மூச்சு இல்லப்பா, போஸ்!"

மூச்சுக்கு மெயின் ஆள் உதரவிதானம். கூடவே விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தசைகள். மார்புத் தசைகள் ஓவர்டைம் ஆட்கள்தான். அதில் உள்பக்கம் இருக்கிற சின்னத் தசை 3, 4, 5-வது விலா எலும்புகளையும் தோள்பட்டை எலும்பையும் இணைக்குது. ஓடி முடிச்சவங்க முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்குவாங்களே... கை அசையாம நிற்கிறதால் மார்புத் தசைகள் விலாவைத் தூக்கிக் கொடுக்கும். சும்மா இருக்கும்போதும் அதுங்களையே வேலை வாங்கினா? இறுகிப் போகாம என்ன செய்யும்!

மேல் விலா எலும்புகள் அடிபம்பு கைப்பிடி மாதிரி ஏறி இறங்கும். கீழ் விலா, வாளிக் கைப்பிடி மாதிரி பக்கவாட்டில் விரியும். டாக்டருக்குப் படிக்கிறவங்க புஸ்தகத்திலேயே இதே உவமைதான். என் வாளி அசையவே இல்லை.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்க. கீழ் விலாவின் ரெண்டு பக்கமும் உள்ளங்கை. முதலில் மூச்சை நிதானமா வெளியே விடணும். அப்புறம் மூக்கால் இழுக்கும்போது கைகள் பக்கவாட்டில் விலகணும். மார்பு கல்லாட்டம் இறுகினா போங்காட்டம்! தலை சுத்தினா நிறுத்திடுங்க.

1894-ல் ஜெர்மனியில் பிறந்த கதரீனா ஷ்ரோத், தன் வளைஞ்ச முதுகெலும்புக்காக, அமுங்கிப்போன விலாப் பக்கம் மூச்சை அனுப்பிப் பழகினவங்க. 1921-ல் அதுக்கே சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க. நமக்கு ஷ்ரோத் அளவுக்கு வேணாம், வாளி அசைஞ்சா போதும்.

பெர்மனென்ட் லிஸ்ட் இன்னும் வரலை. போன வாரம் கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரம் தாண்டும்போது கை தானா விலாவுக்குப் போச்சு. விலகுது! பக்கத்து சீட் நண்பன் கேட்டான், "என்னடா, பர்ஸைக் காணோமா?"