சும்மா வருமா கார்?

தென்காசியில் இறங்கியதுமே காற்று ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் பெண்மணிகள் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். மேற்கே மலை, மேகத்தை முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றது. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். "இத்தனை தூரம் வந்துவிட்டு அருவிக்குப் போகாமல் எங்கே ஐயா போகிறோம்?" என்று புகைப்பட நண்பர் முணுமுணுத்தார். குற்றாலத்தைப் பற்றி எழுதாதவர்கள் யார்? இந்தத் தடவை இலத்தூர் என்று நான் முன்பே தீர்மானித்துவிட்டேன்.

டவுன் பஸ் வயல்களுக்கு நடுவே போகிறது. ஒரு பக்கம் பச்சை நெல், இன்னொரு பக்கம் குளத்துத் தண்ணீர், எதிரே மலை. ஊரில் மதுநாத ஸ்வாமி கோயில் பிரசித்தம். அகஸ்திய முனிவர் இந்த வழியாக வந்தபோது புளிய மரத்தடியில் மணலைக் குவித்து லிங்கம் பிடித்தாராம். மரத்தின் மேலிருந்த தேன்கூட்டிலிருந்து தேன் சொட்டிச் சொட்டித் தானாகவே அபிஷேகம் நடந்ததாம். அதனால் மதுநாதர். இங்குள்ள சனீஸ்வரனுக்கும் மதிப்பு அதிகம். சனிக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் எள் தீபத்துடன் வந்துவிடுகிறார்கள்.

எங்கள் காரியாலய நண்பர் ஒருவருடைய ஆச்சி இந்த ஊரில் இருக்கிறார். மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. சொதிக் குழம்பும் இஞ்சித் துவையலும்! திருநெல்வேலிச் சீமையில் பிறக்காதவர்களுக்கு அதன் அருமையை எழுத்தில் சொல்லி மாளாது.

சாப்பாட்டுக்குப் பிறகு டெலிவிஷனில் ஏதோ ஒரு போட்டி நிகழ்ச்சி. மேடை நடுவே பளபளவென்று ஒரு கார் மெள்ளச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏ ஐயா, நீ பத்திரிகையில இருக்க. இந்தக் காரை மெய்யாவே குடுக்காங்களா? யார் வீட்டுத் துட்டு அது?" என்றார் ஆச்சி.

வெறும் ஆவல் என்று நினைத்தேன். ஆச்சி எழுந்து போய், முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு உறையை எடுத்து வந்தார். உள்ளே ஒரு சுரண்டல் அட்டை. சுரண்டிய இடத்தில், 'உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, மதிப்பு 14 லட்சம்' என்று அச்சிட்டிருந்தது. தினமும் ஒருவன் போனில் கூப்பிட்டு, தேனொழுகத் தமிழ் பேசுகிறானாம். "வரித் துட்டு பதினாலாயிரத்தை முதல்ல அனுப்பணும்னு சொல்லுதான். நாளைக்குக் கடைசி நாளாம்." மருமகள் கையில் இருந்த இரண்டு வளையல்களில் ஒன்றைக் கழற்றி, அடகுக் கடைக்குப் போகத் தயாராக வைத்திருந்தாள்.

புகைப்பட நண்பர் என்னைப் பார்த்தார். நான் நண்பரைப் பார்த்தேன். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். வாசகிகளுக்கும் உபயோகப்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நிகழ்ச்சி நடத்துகிறவர் பெரும்பாலும் அந்தக் காரைப் பணம் கொடுத்து வாங்குவதில்லை. டெலிவிஷனில் விளம்பர நேரத்தைப் பத்துப் பத்து விநாடியாகக் கூறு போட்டு விற்கிறார்கள். கார்க் கம்பெனிக்கு அந்த நேரம் வேண்டும், நிகழ்ச்சிக்குக் கார் வேண்டும். ஆகவே கொடுக்க வேண்டிய தொகையில் ஒரு பங்குக்குக் காராகவே தந்துவிடுகிறார்கள். விளம்பரக்காரர்கள் இதைப் 'பார்ட்டர்' என்பார்கள். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கினோமே, அதே பண்டமாற்றுதான்! கம்பெனிக்கு ஆகும் செலவு தொழிற்சாலையில் ஆன அடக்க விலை. மேடையில் சொல்லுவதோ கடை விலை. நடத்துகிறவர் கம்பெனி பெயரைப் பத்துத் தடவை உச்சரிக்கிறார், காமிரா காரைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதுதான் அந்தக் காரின் கிரயம். கம்பெனி எதுவும் அகப்படாவிட்டால், தயாரிப்பாளரே டீலரிடம் போய் வாங்கவேண்டியதுதான். மேடையில் நிற்பது பெரும்பாலும் காட்சிக்கு வைத்தது. ஜெயித்தவர் அட்டையில் செய்த ஆளுயரச் சாவியை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகு தம் ஊர் டீலரிடம் நிஜக் காரை எடுத்துக்கொள்வார்.

அமெரிக்காவில் 'தி பிரைஸ் இஸ் ரைட்' என்ற நிகழ்ச்சி 1956-ல் தொடங்கி, 1972-ல் புது உருவம் எடுத்து, காராகக் கொடுத்துத் தள்ளியிருக்கிறது. இப்படிப் பண்டமாற்றாக வருகிற பரிசு எந்தக் கம்பெனி உபயம் என்பதை நேயர்களுக்கு அறிவித்துவிட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். 2004-ல் ஓப்ரா வின்ஃப்ரே என்ற அம்மாள் தம் நிகழ்ச்சிக்கு வந்திருந்த 276 பேருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்தார். சபை முழுவதும் துள்ளிக் குதித்தது. கார்களை உண்மையில் கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. புதிய மாடலுக்கு விளம்பரம் ஆயிற்று. விற்பனை வரியைக் கம்பெனி கட்டிவிட்டது. வருமான வரி? அது மட்டும் ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் என்று காரைப் பெற்றவர்கள் தலையில் விழுந்தது.

நம் நாட்டிலும் ஒரு பரிசுக் காரை மறக்க முடியாது. 1985-ல் மெல்போர்னில் ரவி சாஸ்திரிக்குக் கிடைத்த ஆடி கார். நம் கிரிக்கெட் வீரர்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து மைதானத்தை வலம் வந்ததை டெலிவிஷனில் பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தீர்வை கட்டவேண்டுமே! அரசாங்கம் விலக்குக் கொடுத்த பிறகுதான் கார் சுலபமாக ஊர் வந்து சேர்ந்தது.

மதுரைப் பக்கம் அலங்காநல்லூரில் சங்கதியே வேறு. அங்கே ஜல்லிக்கட்டில் முதலாவதாக வரும் வீரருக்கு முதலமைச்சர் சார்பில் கார் தருகிறார்கள். 2025-ல் 20 காளைகளை அடக்கிய இளைஞருக்குக் கார், சிறந்த காளையின் சொந்தக்காரருக்கு டிராக்டர். ஒரு நிமிஷம் திமிலைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் காரின் விலை தெரியும்.

இனி வரி சமாசாரம். ஆச்சியின் அட்டைக்காரன் இதைத்தான் பிடித்துக்கொண்டான்.

2000-ல் அமிதாப் பச்சன் 'கௌன் பனேகா குரோர்பதி' நடத்த, தமிழில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்த, நாடே கேள்வி-பதிலில் மூழ்கியது. மறு வருஷமே, 2001 நிதிச் சட்டத்தில், டெலிவிஷன் போட்டிப் பரிசையும் லாட்டரிப் பரிசு மாதிரியே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வரி 30 சதவிகிதம். அதன் மேல் செஸ் வேறு. வேறு வருமானமே இல்லாத குடும்பப் பெண்ணானாலும் இதற்கு விலக்கு வரம்பு கிடையாது. பரிசு பணமாக இருந்தால் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். காரில் எதைப் பிடிப்பது? ஒரு சக்கரத்தையா? ஆகவே, வரி கட்டியாயிற்று என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே காரை விடவேண்டும் என்று பரிசு கொடுப்பவரைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. 8 லட்ச ரூபாய்க் கார் என்றால் சாவி கைக்கு வருமுன் 2,40,000 ரூபாய் புரட்டியாகவேண்டும். சில கம்பெனிகள் அதையும் தாங்களே கட்டிவிடுகின்றன. எல்லாரும் அல்ல.

"அப்போ அவன் சொல்லுதது சரிதானே? வரி முதல்லதானே கேக்குதான்?" என்றாள் மருமகள். நியாயமான கேள்வி. மோசக்காரன் பாதி உண்மையைத்தான் கையில் வைத்திருக்கிறான். குரோர்பதி பெயரைச் சொல்லி வாட்ஸப்பில் வலை வீசுகிறவர்களும் இதே வித்தைக்காரர்கள். போலீசார் எத்தனையோ தடவை எச்சரித்தாயிற்று.

"நீங்கள் எந்தப் போட்டியில் கலந்துகொண்டீர்கள்?" என்று கேட்டேன். ஒன்றிலும் இல்லை. கலந்துகொள்ளாத போட்டியில் கார் எப்படி விழும்? அடுத்தது, 14 லட்சத்துக்கு 30 சதவிகிதம் 4,20,000. பதினாலாயிரம் வரி என்பது எந்த ஊர்க் கணக்கு? கடைசியாக, நிஜ வரி ஜெயித்தவருடைய பான் நம்பரில் சர்க்கார் கணக்கில் சேருகிறது, அதற்குச் செலான் உண்டு. யாரோ ஒருவனுடைய செல்போன் நம்பருக்கு அனுப்புகிற வரி என்று உலகத்தில் ஒன்று இல்லை.

நான்கு மணிக்கு போன் வந்தது. மருமகள்தான் எடுத்தாள். "எங்க பான் நம்பர்ல நாங்களே பாங்க்ல கட்டிட்டு ரசீது காட்டுதோம். நீங்க காரை டீலர்ட்ட அனுப்பிருங்க" என்றாள், வெகு மரியாதையாக. தேன் சட்டென்று வற்றிவிட்டது. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டான்.

இப்படி வருகிற அழைப்பில் பணம் அனுப்பிவிட்டவர்கள் உடனே 1930 என்ற நம்பருக்குப் பேசவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறார்களோ, அவ்வளவுக்குப் பணம் கை மாறுமுன் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. பணம் போகாவிட்டாலும் அந்த நம்பரைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். ஆச்சி வீட்டிலும் அன்றே கொடுத்தோம்.

அட்டையை நண்பர் படம் எடுத்திருக்கிறார். பக்கத்தில் பாருங்கள். இதே மாதிரி உங்கள் வீட்டுக்கும் வரலாம். ஆச்சியின் விலாசத்தை மட்டும் மறைத்திருக்கிறோம்.