நொட்டாங்கை க்யூசு

டீ விஷயத்தில் நான் கத்துக்குட்டி என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் ஏத்தினவன் நான். ஆனால் அது பாலும் சீனியும் சேர்ந்த சங்கதி. வெறும் இலையை வெந்நீரில் போட்டுக் குடிப்பதில் இன்னும் எல்.கே.ஜி. தான்.

2018-ல் நகோயாவுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு பாக்கெட் சென்ச்சா கொடுத்தார். பச்சைத் தேயிலை. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, இலையைப் போட்டு, பத்து நிமிஷம் கழித்து வடிகட்டிக் குடித்தேன். நிலவேம்புக் கஷாயம் தோற்றது போங்க! மறுநாள் அவரிடம் சொன்னதும் மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தண்ணீர் 70, 80 டிகிரி தான் இருக்கணுமாம். ஒரு நிமிஷம் போதுமாம். அப்புறம் கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிடணும், உள்ளே தண்ணீர் தங்கினால் இலை ஊறிக்கொண்டே இருந்து அடுத்த தடவை கசக்கும். "முதல்ல ஒரு க்யூசு வாங்கு" என்றார்.

க்யூசு என்றால் ஜப்பான்காரர்களின் குட்டி டீ பானை. நம்ம கெட்டில் மாதிரி கைப்பிடி பின்னால் இருக்காது, பக்கவாட்டில் வாணலிக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். காம்பைப் பிடித்து, கட்டைவிரலால் மூடியை அழுத்தி, மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும், டீ வந்துவிடும்.

இதற்குப் பேர் போன ஊர் டோகோனாமே. நகோயாவிலிருந்து மெய்டெட்சு ரயிலில் அரை மணி, முக்கால் மணி நேரம். நூற்றாண்டுக் கணக்கில் மண்பாண்டம் செய்கிற ஊர். மேட்டுச் சந்து ஒன்றில் நடந்தால், ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பழைய சுடுமண் குழாய்களை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். 1887-ல் கட்டி 1974 வரை எரிந்த சூளை ஒன்று பத்துப் புகைபோக்கிகளோடு அப்படியே நிற்கிறது. நான் அதை நின்று பார்த்தது ரெண்டு நிமிஷம் தான். வந்த வேலை வேறாச்சே.

கடைக்குள் நுழைந்தால் வரிசை வரிசையாகச் செம்மண் பானைகள். மெருகு பூசாத, இரும்புச் சத்துள்ள மண். கடையில் ஒரு பாட்டி. என் ஜப்பானிய மொழியின் லட்சணத்தைப் பார்த்து எல்லாவற்றையும் கையால் நடித்தே காட்டினார். உள்ளே மூக்கின் வாயில் மண்ணிலேயே சின்னச் சின்ன ஓட்டைகளாகப் போட்ட சல்லடை இருக்கிறதா பார். (கம்பி வலை வைத்ததும் உண்டு. தூள் அதிகமுள்ள இலைக்கு அது தோது என்றார்.) மூடியைத் தட்டாமாலை சுற்றுகிற மாதிரி சுற்றிப் பார், எங்கேயும் ஆடக் கூடாது. தனி ஆளுக்கு 250 மில்லி போதும், பெரிசாக வாங்காதே.

நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டி அதில் தண்ணீர் ஊற்றி, "ஊற்றிப் பார்" என்றார். வலது கையில் எடுத்தேன். கை நடுங்கி, மூடி கடகடவென்று ஆட, பாதித் தண்ணீர் மேஜையில். என்னை அறியாமல் இடது கைக்கு மாற்றினேன். அது இன்னும் மோசம். காம்பை நம்மைப் பார்க்க வைத்தால் க்யூசுவின் மூக்கு இடது பக்கம் இருக்கும். இடது கையால் பிடித்தால் மணிக்கட்டை வெளியே முறுக்கி, புறங்கைப் பக்கமாகத் தான் ஊற்ற முடியும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு "மன்னிக்கணும்" என்றேன்.

ஏன் மன்னிப்பு கேட்டேன் என்று பாட்டிக்குப் புரிந்திருக்காது. உங்களுக்குப் புரியும். ஏழு வயசிருக்கும். வீட்டுக்கு வந்த பெரியப்பாவிடம் காபி டம்ளரை நொட்டாங்கையால் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. டம்ளர் அந்தரத்தில் நிற்கிறது, அவர் பேப்பர் படிக்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து கரண்டியால் என் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். அதற்கப்புறம் எழுத, சாப்பிட எல்லாம் சோத்தாங்கை தான். பழகிவிட்டது. ஆனால் யாருக்காவது எதையாவது ஊற்றிக் கொடுக்கணும் என்றால் மட்டும் இன்றைக்கும் உடம்பு விறைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டுப் பந்திகளில் சாம்பார் வாளியைத் தூக்காமல் தப்பித்தே வளர்ந்தவன் நான்.

பாட்டி என் கையையே பார்த்தார். "ஹிதாரிகிகி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த வரைக்கும் அது குடிகாரரைக் கிண்டலாகச் சொல்கிற வார்த்தை! பதறிப்போய் "இல்லை, இல்லை, பியர் கூடக் கிடையாது" என்றேன். பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். இடதுகைப் பழக்கம் என்பது தான் அதன் நேர் அர்த்தமாம் :-)

உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து வந்தார். அதே செம்மண், அதே அளவு. மூக்கு மட்டும் வலது பக்கம். இடது கையில் எடுத்தேன். கட்டைவிரல் தானாக மூடிமேல் போய் உட்கார்ந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. 4,800 யென். பேரம் பேசத் தோன்றவே இல்லை.

2023-ல் அம்மா வந்தாள். முதல் நாள் சாயங்காலம் வெந்நீரைக் கோப்பையில் ஊற்றி ஆறவைத்து, பிறகு க்யூசுவில் விட்டு, சென்ச்சா போட்டுக் கொடுத்தேன். இடது கையால் தான். அம்மா கையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. குடித்துவிட்டு, "பாலு தீந்துருச்சாடா?" என்றாள்.

மூன்றாம் நாள் அவளே எடுத்து ஊற்றப் பார்த்து, மேஜையெல்லாம் தண்ணீர்.

"என்னடா இது, மூக்கு தப்பா இருக்கு?"

"தப்பில்லம்மா. நொட்டாங்கைக்குன்னே செஞ்சது."

"அதுக்குன்னு தனியா செய்யிறாங்களா?"

"செய்யிறாங்கம்மா."

கொஞ்ச நேரம் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அதை என் பக்கம் தள்ளிவிட்டுக் கோப்பையை நீட்டினாள். "அப்ப நீயே ஊத்து."

பி.கு.: மெருகு பூசாத க்யூசுவை சோப்பு போட்டுக் கழுவக் கூடாது, மண் வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் தண்ணீர் தான். இதை அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகும் ஒரு வாரம் எலுமிச்சை சோப்பு வாசனையோடு டீ குடித்தேன்.