தேதி தப்பிய கம்ப்யூட்டர்

மறுநாள் அறிவியல் கண்காட்சி. லினக்ஸில் மவுஸ் டிரைவர் ஏறும்போது திரையில் என் பேர் வரணும், அவ்வளவுதான் என் ஆசை. எங்கள் பழைய கம்ப்யூட்டரில் கெர்னல் முழுசும் கம்பைல் ஆக முந்தின ராத்திரி முழுக்கப் போய்விட்டது.

"மறுபடி முழுசும் எதுக்குடி? அந்த ஃபோல்டரை மட்டும் மேக் பண்ணு" என்றான் அண்ணன்.

மேக் என்பது 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய புரோகிராம். எதிலிருந்து எது உருவாகணும் என்று மேக்ஃபைலில் எழுதிவைத்தால், மாறியதை மட்டும் திரும்பச் செய்யும். (கட்டளை வரியை டேப் தட்டித்தான் தொடங்கணும். ஸ்பேஸ் தட்டி நான் பட்ட பாடு தனிக்கதை!)

ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். என் பேர் வரவில்லை. மூன்று தடவை ஓட்டியும் வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் 'கோப்பின் நேரம் எதிர்காலத்தில் உள்ளது' என்ற எச்சரிக்கையைக் கவனித்தேன். மேக் கோப்புக்குள்ளே படித்துப் பார்க்காது. சேமித்த நேரத்தைத்தான் பார்க்கும். காலையில் கரண்ட் போனதில், மதர்போர்டு பேட்டரி செத்திருந்ததால், தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கிறது. நான் இப்போது திருத்திய கோப்பு அதன் கணக்கில் பழசு!

தேதியைச் சரிசெய்து, கோப்பைத் திரும்பச் சேமித்தேன். அந்த ஒரு டிரைவர் மட்டும், சில நிமிஷம்தான். என் பேர் வந்தது.

பேட்டரிக்கு அண்ணன் இன்னும் காசு தரவில்லை.