நாலு மடங்கு

சுவிசேஷக் கூட்டத்தில் பிரசங்கம் முடியப்போகிற கட்டத்தை, அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்கள் வெளியே நின்று கேட்டாலே கண்டுபிடித்துவிடுவார்கள். பிரசங்கியாரின் குரல் இறங்கும். கீபோர்டுக்காரர் தெரிந்த பாட்டு ஒன்றின் மெட்டை மெதுவாகத் தொடங்குவார். எல்லாரும் தலையைக் குனிந்து கண்களை மூடுங்கள், யாரும் யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்வார்கள். பிறகு அழைப்பு. பாவங்களை அறிக்கையிட்டு இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்த வேண்டும். அங்கே ஒரு சகோதரி, பந்தல் ஓரத்தில் ஒரு தம்பி என்று மேடையிலிருந்து எண்ணிக்கொண்டே போவார்கள். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்கும். தென் மாவட்டங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கிற கன்வென்ஷன்களில் இதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். கேலி செய்ய எனக்கு மனம் வராது. குடித்துவிட்டு வீட்டில் அடிதடி நடத்திய மனிதர் அப்படி ஓர் இரவில் கையை உயர்த்தினார். சாகும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளிடம் போய், அது வெறும் கீபோர்டு வித்தை என்று சொல்ல முடியுமா?

சொல்லப்படுகிற செய்தியும் நேற்று யாரோ கட்டியதல்ல. கி.பி. 55ஐ ஒட்டிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில், தனக்கு முன்பிருந்தவர்களிடம் பெற்றதையே தான் ஒப்படைப்பதாகச் சொல்கிறார். கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக இறந்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்பதுதான் அது. மன்னிப்பு சம்பாதிப்பதல்ல, கிடைப்பது. இதில் எனக்கு வழக்கில்லை. எனக்கு உறுத்துவதெல்லாம் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்திவந்தார். ஒருநாள் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். வருஷங்கள் கழித்து இரட்சிக்கப்பட்டவராகத் திரும்பி வந்து, ஒரு கன்வென்ஷனில் சாட்சி சொல்ல மேடையேறினார். பலரை ஏமாற்றியதாகவும், கர்த்தர் எல்லாவற்றையும் மன்னித்துத் தன்னைத் தூக்கியெடுத்ததாகவும் கண்ணீரோடு சொன்னார். அழுகை பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கூட்டம் அல்லேலூயா போட்டது. எனக்கு முன்வரிசையில் எங்கள் தெருப் பெரியம்மை இருந்தாள். பீடி சுற்றிச் சேர்த்த பணம் முழுவதையும் அந்தச் சீட்டில்தான் போட்டிருந்தாள். ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவள், லெந்து நாட்களில் மீன்கூடத் தொடாதவள். திரும்பி நடக்கும்போது என்னிடம் கேட்டாள்: “இயேசப்பா அவன மன்னிச்சிட்டாராம்லா மக்கா. என் துட்டப் பத்தி ஒண்ணுங் கேக்கலியாமா?”

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பணம் வரவில்லை. வரவேண்டும் என்று அவருக்குக் கைலாகு கொடுத்த பிரசங்கியார்களில் ஒருவரும் சொல்லவுமில்லை.

பாவமன்னிப்பை விளக்க மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நீதிபதி தன் முன்னால் நிற்கும் குற்றவாளிக்குச் சட்டப்படி அபராதம் விதிக்கிறார். அவனால் கட்ட முடியாது என்று தெரிந்ததும் அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு, கீழே இறங்கி வந்து, தன் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிடுகிறார். நல்ல கதைதான். நீதியும் குறையவில்லை, அன்பும் குறையவில்லை என்று காட்டிவிடுகிறது. ஆனால் அபராதப் பணம் போவது கோர்ட்டுக்கு. எவன் வீட்டில் திருட்டுப் போனதோ அவன் அந்தக் கதையில் எங்கேயும் இல்லை; அவனுக்கு ஒரு சாட்சிக்கூண்டுகூட இல்லை. பெரியம்மை கேட்ட கேள்விக்கு இடமில்லாமல் போனது இங்கேதான்.

சகேயு கதையில் இடம் இருக்கிறது. எரிகோ ஊர், ஆயக்காரருக்குத் தலைவன், குள்ளமான மனிதன். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை நடிக்காத பிள்ளை இருக்காது. காட்டத்தி மரத்துக்கு எங்கே போவது? நாற்காலியில் வேப்பங்கிளையைக் கட்டி அதில்தான் எங்களை ஏற்றுவார்கள். இயேசு அண்ணாந்து பார்த்து, இறங்கி வா என்று கூப்பிடுவதோடு திரை விழுந்துவிடும். லூக்கா எழுதிய கதை அதற்கப்புறமும் போகிறது. பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று ஊர் முணுமுணுக்கிறது. அப்போதுதான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது லேவியராகமச் சட்டம். ஆட்டைத் திருடிக் கொன்றோ விற்றோ விட்டவனுக்குத்தான் யாத்திராகமம் நாலு மடங்கு விதிக்கிறது. சகேயு தனக்குத் தானே திருடனுக்கான தண்டனையைப் போட்டுக்கொள்கிறான். இயேசு அவனிடம் கணக்குக் கேட்கவேயில்லை. விருந்தாளியாகத்தான் வந்தார். பணம் கொடுத்து மன்னிப்பை வாங்கியதாக யாரும் சொல்ல முடியாத இடத்தில் அந்த நாலு மடங்கு நிற்கிறது. இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிப்பது அதற்குப் பிறகுதான்.

நம் பிரசங்கிமார் இதைத் தாண்டிப் போவதற்கு ஒரு பழைய பயம் காரணம். 1517இல் மார்ட்டின் லூத்தர் விட்டன்பெர்க்கில் எதிர்த்தது காசு வாங்கிக்கொண்டு பாவத் தண்டனையைக் குறைப்பதாகச் சொன்ன வியாபாரத்தை. அந்த லூத்தரின் போதனையோடுதான் சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகளின் தொடக்கம் அது. கிரியையினால் அல்ல, விசுவாசத்தினாலே என்பது அப்போதிருந்தே எங்களுக்குத் தாய்ப்பால். திருப்பிக் கொடு என்று சொன்னால், கொடுத்தால்தான் மன்னிப்பு என்று கேட்பவன் எடுத்துக்கொள்வானோ என்கிற அச்சம். கத்தோலிக்கர்களுக்கு இந்தத் தயக்கம் கிடையாது. பாவசங்கீர்த்தனத்தில் திருட்டை ஒப்புக்கொண்டால், எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று சாமியார் சொல்லிவிடுவார்.

எங்களிடமும் வழக்கம் அடியோடு செத்துவிடவில்லை. எழுப்புதல் கூட்டங்களில் மனம் திரும்பிய சிலர், முன்பு டிக்கெட் எடுக்காமல் போன ரயில் பயணங்களை நினைத்து, அத்தனைக்கும் டிக்கெட் வாங்கிக் கிழித்துப்போட்டதாகச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல காரியம். ஆனால் ரயில்வேக்குத் திருப்பிக் கொடுப்பது சுலபம். ரயில்வே உங்கள் முகத்தைப் பார்த்து அழாது. மைத்துனரின் பங்கு நிலத்தை எழுதிக்கொண்டவரும், மருமகளின் நகையை அடகில் மூழ்கவிட்டவரும் சாட்சி மேடையில் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

திருப்பிக் கொடுக்கவே முடியாதவர்கள் உண்டு. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குக் கையும் இல்லை, காலமும் இல்லை. உரியாவைக் கொல்லவைத்த தாவீது யாரிடம் போய்க் கொடுப்பான்? இப்படிப்பட்டவர்களுக்கு மன்னிப்பு இல்லையென்றால் சுவிசேஷமே இல்லை. அவர்களுக்கான வாசலில் மற்றவர்களும் நெருக்கியடித்து நுழைவதைத்தான் சகிக்க முடியவில்லை.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். ஒநேசிமு பிலேமோனுடைய அடிமை. எஜமானிடமிருந்து தப்பி ஓடியவன் என்பது வழிவழியாக வருகிற விளக்கம். சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்ந்து விசுவாசியானான். எல்லாம் மன்னிக்கப்பட்டது, இங்கேயே இரு என்று பவுல் சொல்லியிருக்கலாம். தனக்கு உதவியாக அவனை வைத்துக்கொள்ள விருப்பம் இருந்ததையும் எழுதுகிறார். ஆனாலும் கையில் கடிதத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார். அடிமையாக அல்ல, அன்பான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பிலேமோனைக் கேட்கிறார். அவன் உனக்கு அநியாயம் செய்திருந்தாலோ கடன்பட்டிருந்தாலோ அதை என் கணக்கில் எழுதிக்கொள், நானே தருகிறேன் என்று தன் கையால் எழுதுகிறார். நீதிபதி கதையில் இல்லாதது இதில் இருக்கிறது. கடனை வேறொருவர் ஏற்கிறார், ஆனால் பணம் போய்ச் சேர வேண்டியவனின் வீடு மறக்கப்படவில்லை. ஓடியவன் அந்த வாசலுக்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. சிலுவையைப் பற்றி இதைவிடச் சிறிய, முழுமையான பிரசங்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இத்தனை கன்வென்ஷன்களில் இந்தக் கடிதத்தை யாரும் எடுத்துப் பேசி நான் கேட்கவில்லை. அடுத்த முறை எங்கள் பக்கம் வருகிற ஐயா யாராயிருந்தாலும் ஓர் இரவை இதற்கு ஒதுக்குங்கள். பெரியம்மையை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.