முனீஸ்வரன் கோவில் தெருவும் என் 'பீப்' பெட்டியும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு போயிருக்கீங்களா? செட்டிநாட்டு வீட்டுத் தூண், பீங்கான் ஜாடி... பழசுக்குத்தான் மவுசு! அந்த தைரியத்துல நானும் வேறொரு தெருவுல செகண்ட் ஹேண்ட் ஒர்க் ஸ்டேஷன் வாங்கிட்டேன். ஹாஸ்டல்ல ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கறுப்பு, 'பீப் பீப்'. மறுநாள் புராஜெக்ட் சப்மிஷன்!

"மதர்போர்டு காலி மச்சி"ன்னான் ரூம்மேட். அவசரப்படாதீங்க பாஸ், பீப் அடிக்குதுன்னா போர்டுக்கு உயிர் இருக்கு. பெரும்பாலும் ரேம் தகராறுதான். 1953ல தொடங்கின சிக்ரியில உலோக அரிமானத்துக்கே தனி ஆராய்ச்சி நடக்குற ஊர் இது. எனக்கு உதவினது ரெண்டு ரூபா ரப்பர்! பிளக்கைப் பிடுங்கி, நாலு ரேமையும் கழற்றி, காலை மெதுவா தேய்ச்சு, ஒண்ணு ஒண்ணா மாட்டிப் பார்த்தேன். மூணு பாஸ். நாலாவது மட்டும் மறுபடி 'பீப்'. அதைத் தூக்கிப் போட்டுட்டு, விடிய விடிய புராஜெக்ட்டை ஓட்டினேன்.