இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தரவே வேண்டாம். இரும்பைக் காய்ச்சினால் சிவந்து வெளிச்சம் கக்கும். சரி, அணுவைக் குளிர வைத்துக்கொண்டே போனால்?

"ஒரு கட்டத்துல வெளிச்சத்தையே கண்டுக்காது மாமா" என்றான் அக்கா பையன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு உருக்காலையில் கான்ட்ராக்ட் வேலை. நான் பி.காம். எனக்குத் தெரிந்த பிசிக்ஸ் ஃபியூஸ் போடுவதோடு சரி.

அவன் விளக்கியது இது. ஒளித்துகள் மோதினால் அணு அதை வாங்கி வேறு பக்கம் வீசும். துப்பாக்கி சுட்டால் தோளில் இடிக்கிற மாதிரி ஓர் உதை வாங்கும். உதைபட்ட அணு போய் உட்கார வேறொரு காலி நிலை வேண்டும். ஃபெர்மியான் வகை அணுக்களுக்கு ஒரு நிலையில் ஒருத்தர்தான். 1925-ல் பாலி கண்டுபிடித்த சட்டம். நன்றாகக் குளிர வைத்து நெருக்கினால் எல்லா நிலையும் நிரம்பிவிடும். காலையில் சென்ட்ரல் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயின் மீஞ்சூர் தாண்டியதும் எள் விழ இடம் இருக்காதே, அந்தக் கதை. தள்ளினாலும் நகர முடியாது. நகர முடியாத அணு ஒளியைத் தொடுவதில்லை. வெளிச்சம் நேரே போய்விடும்.

2021 நவம்பரில் மூன்று குழுக்கள் இதைச் செய்து காட்டின. அதில் ஒன்று எம்.ஐ.டி.யில் கெட்டர்லே குழு. லித்தியம் அணுக்களை, தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு டிகிரியில் லட்சத்தில் இரண்டு பங்கு என்ற அளவுக்குக் குளிர வைத்தார்கள். சிதறிய ஒளி 38 சதவீதம் குறைந்தது.

"மீதி 62?" கணக்குப்பிள்ளை புத்தி எங்கே போகும்!

"ஃபுட்போர்டுல தொங்கறவங்க மாமா. அவங்களுக்கு வெளியே இடம் இருக்குல்ல?"

போஸான்கள் நேர் எதிர். ஒரே நிலையில் எத்தனை பேரும் சேரலாம், தேர்தல் நேரத்துக் கூட்டணி போல. அந்தக் கணக்கை 1924-ல் டாக்காவிலிருந்து எழுதியவர் நம் சத்யேந்திரநாத் போஸ். அப்படிப்பட்ட அணுக்கூட்டத்தை உண்டாக்கிக் காட்டியதற்காக 2001-ல் கெட்டர்லே உள்பட மூவருக்கு நோபல். போஸுக்குக் கடைசிவரை இல்லை. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

"இதுக்கெல்லாம் சம்பளம் எவ்வளவுடா?" என்றாள் அக்கா, காபியை ஆற்றியபடி. குவாண்டம் கம்ப்யூட்டரில் தகவல் ஒளியாகக் கசிந்துபோவது பெரிய தொல்லை, அதை அடைக்க இது உதவலாம் என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு விண்ணப்பம் அவன் செல்போனில் பாதி நிரப்பியபடி நிற்கிறது. கட்டணம் நான் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கடைசித் தேதிக்கு இன்னும் நாலு நாள். அதில் மூன்று நாள் அவனுக்கு நைட் ஷிப்ட்.